முடித்துத்தான் கொடுக்க வேண்டும்

எடுத்த புத்தகத்தை முடிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. நூலகத் துறைக்கும் இல்லை. ஆனால் துறை நடத்திய ஓர் ஆய்வில் கவலைக்குரிய ஓர் உண்மை வெளியே வந்தது. வாசகர்கள் அடையாளத்துக்கு வைத்து, எடுக்க மறந்துபோன பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, கொண்டை ஊசி முதலியவற்றைத் திரும்பி வந்த புத்தகங்களிலிருந்து சேகரித்து, பக்க எண்ணோடு பட்டியல் போட்டார்கள். நூற்றுக்கு எழுபத்தொன்பது பொருள்கள் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டியிருக்கவில்லை. ஒரு தத்துவ நூலில் முன்னுரையிலேயே மூன்று கொண்டை ஊசிகள் இருந்தன.

பொதுமக்களின் இந்தப் பாதிப்போக்கைக் கண்டும் காணாமல் இருக்கத் துறைக்கு மனம் வரவில்லை. ‘வாசிப்பு நிறைவு உறுதித் திட்டம்’ அமலுக்கு வந்தது. அதன்படி ஒருவர் எடுத்த புத்தகத்தைக் கடைசி வரி வரை படித்து, நிறைவு அலுவலர் முன் வாய்மொழித் தேர்வு கொடுத்து, சான்றிதழ் பெற்ற பிறகுதான் திருப்பிக் கொடுக்க முடியும். அதுவரை அந்தக் குடும்பத்தின் நூலக அட்டையில் வேறு யாரும் எதுவும் எடுக்க முடியாது. முடித்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை தரப்பட்டது. அதில் முடித்த புத்தகங்களின் எண்ணிக்கை பொறிக்கப்பட்டிருக்கும்.

திட்டம் எங்கே சறுக்குமோ என்று துறை பயந்துகொண்டிருந்தபோது வில்லை கை கொடுத்தது. மூன்றே மாதத்தில் ஊரில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சட்டைப் பையைப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், “பையன் எத்தனை முடிச்சிருக்கார்?” என்று கேட்டார்கள். இரண்டு இலக்கம் இல்லையென்றால், ஜாதகம் பொருந்தவில்லை என்கிற தோரணையில் எழுந்துகொண்டார்கள்.

இந்த ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். வில்லை இல்லாதவர். அதற்காக வருத்தப்படவும் நேரமில்லாதவர். அவருடைய மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். ஒரே மகள் நர்சிங் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி நூலகத்துக்குள் நுழைந்தார். ‘நான்காம் மாடியின் நிசப்தம்’ என்று ஒரு தடித்த நாவல் கண்ணில் பட்டது. நான்காம் மாடியில் நிசப்தம் என்றால் லிஃப்ட் நின்றுபோயிருக்க வேண்டும். தொழில் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கும் என்று நம்பி எடுத்து வந்துவிட்டார்.

நாவலில் லிஃப்ட் இல்லை. முதல் பக்கத்தில் கதாநாயகன் நான்காம் மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கக் கிளம்புகிறான். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் மூன்றாம் மாடிக்கு இன்னும் ஆறு படி பாக்கி இருந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று அவன் யோசித்தான். நாள் முழுக்க மனிதர்களைச் சீக்கிரம் கீழே கொண்டுவருவதையே பிழைப்பாக வைத்திருப்பவருக்கு இது தாங்கவில்லை. மறுநாளே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

“முடிச்சிட்டீங்களா?” என்றார் நூலக எழுத்தர்.

“இல்லைங்க. பிடிக்கல.”

“எந்தப் பக்கத்துல இருக்கீங்க?”

“அறுபத்தி மூணு.”

“மொத்தம் எண்ணூத்திப் பன்னெண்டு பக்கம். அறுபத்தி மூணு படிச்சிட்டுப் புத்தகம் பிடிக்கலன்னு எப்படிச் சொல்றீங்க?”

“அறுபத்தி மூணும் பிடிக்கல.”

“அது அந்தப் பக்கங்களைப் பத்தின கருத்து சார். புத்தகத்தைப் பத்திக் கருத்துச் சொல்ல, புத்தகத்தை முடிச்சிருக்கணும்.”

“முடிச்சிட்டா அப்புறம் பிடிக்கலன்னு சொல்லி என்ன பிரயோஜனம்?”

“பிரயோஜனம் இல்லதான். ஆனா தகுதி வந்துடும்.”

மெக்கானிக் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார். எழுத்தர் பின்னாலேயே ஓடிவந்து படிக்கட்டில் கையில் திணித்துவிட்டுப் போனார். அரசுச் சொத்தை அநாதையாக விட்டுச்சென்ற குற்றத்துக்குத் தனிப் பிரிவு இருப்பதையும் அன்போடு சொன்னார்.

சங்கடம் மறுநாள்தான் ஆரம்பித்தது. மகள் நூலகத்தில் தேர்வு வழிகாட்டி கேட்டிருக்கிறாள். அலமாரியில் இருந்த ஒரே பிரதி. அட்டையைப் பார்த்துவிட்டு எழுத்தர் கையை விரித்துவிட்டார்.

“அப்பா, பரீட்சைக்கு இருபத்தி மூணு நாள்தான் இருக்கு,” என்றாள் மகள். “நீங்க அந்தப் புத்தகத்தைக் கொடுத்தாத்தான் எனக்கு இந்தப் புத்தகம் கிடைக்கும்.”

“கொடுக்கத்தான் போனேன். வாங்க மாட்டேங்கறாங்க.”

“அப்பப் படிங்களேன்.”

படிக்க உட்கார்ந்தார். நான்கு பக்கம் போனதும் தலை சாய்ந்துவிட்டது. வேலைக்கு எடுத்துப்போய் லிஃப்ட் பெட்டியின் மேல் உட்கார்ந்து படித்துப் பார்த்தார். அங்கே தூங்குவது உயிருக்கு ஆபத்து என்பதால் விட்டுவிட்டார்.

வேறு வழியில்லாமல் ‘பாதியில் நிறுத்த அனுமதி கோரும் விண்ணப்பம்’ வாங்கிவந்தார். அதில் நான்கு காரணங்கள் ஏற்கப்பட்டிருந்தன. பார்வை இழப்பு. புத்தகம் தீக்கிரையாதல். மரணம், இதற்கு விண்ணப்பதாரர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். நான்காவது, ‘உறுதி செய்யப்பட்ட சுவையின்மை’. மெக்கானிக் நான்காவதில் குறி போட்டார். உறுதி செய்வதற்காக ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார்.

“நீங்க பாட்டுக்குப் படிங்க,” என்றார் ஆய்வாளர், குறிப்பேட்டைத் திறந்துகொண்டு. “நான் இருக்கிறதையே மறந்துடுங்க. சுவை இருக்கா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்.”

மெக்கானிக் படித்தார். மூன்று பக்கம் தாண்டுவதற்குள் கொட்டாவி விட்டார். ‘கொட்டாவி ஒன்று. அறையில் காற்றோட்டக் குறைவு’ என்று ஆய்வாளர் எழுதினார். காலை மாற்றி உட்கார்ந்தார். ‘நாற்காலியில் குறைபாடு.’ பெருமூச்சு விட்டார். ‘கதையின் உருக்கம்.’

“அது உருக்கம் இல்லைங்க,” என்றார் மெக்கானிக்.

“உங்களுக்குத் தெரியாது சார். படிக்கிறவருக்குத் தன் நிலைமை தெரியாதுன்னுதான் எங்களை வெச்சிருக்காங்க.”

பிறகு ஆய்வாளர், சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று புத்தகத்தைத் தானே வாங்கி இரண்டு பக்கம் படித்தார். அப்படியே உறங்கிப்போனார். தையல் மெஷின் சத்தத்தில்கூட அவர் அசையவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான்கு நாள் கழித்து அறிக்கை வந்தது. ‘மேற்படி நூல் மனத்துக்கு அமைதி தரவல்லது என்பது நேரடி அனுபவத்தில் தெரியவருவதால், சுவையின்மை என்ற கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’

மெக்கானிக் எதிர் வீட்டுக்காரரிடம் போய் யோசனை கேட்டார். அவர் ஓய்வுபெற்ற கிடங்கு மேலாளர். வில்லையில் இருந்த எண்ணை வைத்து ஊரே அவரை ‘நூத்திப்பதினாலு’ என்றுதான் கூப்பிட்டது. அவர் வீட்டுக்குள்ளும் வில்லையைக் கழற்றுவதில்லை.

“நூத்திப் பதினாலு புத்தகத்துல எத்தனை சார் பிடிச்சிருந்தது?”

நூத்திப்பதினாலு விரல் விட்டு எண்ணினார். “அஞ்சு. அதுவும் அஞ்சாவது எனக்குச் சரியா ஞாபகம் இல்ல.”

“மத்ததெல்லாம் எப்படி முடிச்சீங்க?”

“தம்பி, பிடிச்ச புத்தகத்தை எவன் வேணும்னாலும் முடிச்சிடுவான். அதுல என்ன இருக்கு? பிடிக்காததைப் பல்லைக் கடிச்சிட்டு முடிக்கிறான் பாருங்க, அவன்தான் வாசகன்.” அவருக்குக் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை.

இதற்கிடையில் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஆய்வாளர் போன அன்று, அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று மனைவி புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு மெஷின் பலகையில் ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்துக்கொண்டாள். ஒரு சட்டைக் கை முடிந்தால் இரண்டு பக்கம். காலர் முடிந்தால் நான்கு பக்கம். ஒரு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்குச் சிரிக்கிற?” என்றார் மெக்கானிக்.

“மூணாம் மாடிக்காரி இவனைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டா. சட்டையில பட்டன் போயிருக்காம். தைக்கிற சாக்குல இவன் ஏன் வெளிய போறான்னு கேட்டுக் கேட்டுக் கறக்கிறா. ஒரு பட்டன் தைக்க முப்பது பக்கம்.”

“முப்பது பக்கமா?”

“பட்டன் தைச்சவளுக்குத்தான் தெரியும். சட்டையைப் போட்டுட்டு இருக்கறப்பவே தைச்சா அசைய முடியாதுங்க. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லித்தான் ஆகணும்.”

மெக்கானிக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. தான் முட்டி மோதிய சுவரில் இவள் கதவு கண்டுபிடித்துவிட்டாள் என்று தோன்றியது. ஆனால் மகளின் தேர்வுக்குப் பதினாறு நாள்தான் இருந்தது. அவள் அப்போது நானூறாம் பக்கத்தில் இருந்தாள். அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று, வருவது வரட்டும் என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வாய்மொழித் தேர்வுக்குப் போய்விட்டார்.

நூலகத்தில் முன்பு பத்திரிகை படிக்கும் அறையாக இருந்தது இப்போது நிறைவுப் பிரிவு. பத்திரிகைகளை எடுத்துவிட்டார்கள், அவற்றை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்பதால். நிறைவு அலுவலர் நடுவில் இருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். அலுவலர் துறையின் பிரதியை எடுத்துத் திறந்தார். புத்தகத்தின் முதுகு ‘கரக்’ என்றது.

சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்கிறவர் மெக்கானிக். முதல் தடவையாகத் திறக்கப்படும் பைண்டிங் என்று அந்த ஒரு சத்தத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. உறுப்பினர்கள் இருவரும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“கதை எப்படி முடியுது? விளக்கமாச் சொல்லுங்க,” என்றார் அலுவலர்.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். “கடைசியா கீழ் வாசலுக்கு வந்துடறான். மூச்சு வாங்குது. திரும்பிப் பாக்கிறான். படிக்குப் பக்கத்துலயே ஒரு லிஃப்ட்.”

“லிஃப்டா?”

“ஆமாங்க. இத்தனை காலமும் அங்கதான் இருந்திருக்கு. நல்லா ஓடிட்டும் இருந்திருக்கு. இவன்தான் கேக்கல, யாரும் சொல்லவும் இல்ல. அப்படியே வாசல்ல உக்காந்து அழுறான்.”

வலப்பக்க உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் சார் எனக்கு,” என்றார் யாரிடம் என்றில்லாமல். “என் கதையாட்டம் இருக்கு.”

“வாழ்க்கையில லிஃப்டுங்கறது ஒரு குறியீடு,” என்றார் இடப்பக்கத்தார்.

“மாசா மாசம் எண்ணெய் போட்டா நல்லா ஓடும்,” என்றார் மெக்கானிக்.

அந்த நாவலை இதுவரை ஒருவரும் முடித்ததாகப் பதிவில்லை. ஆகவே மாதிரி விடைக்கான கட்டம் காலியாக இருந்தது. அலுவலர் மெக்கானிக்கின் பதிலை அதில் அழகாக எழுதி, முத்திரை குத்தி, சான்றிதழையும் ‘1’ என்று பொறித்த வில்லையையும் கொடுத்தார். மகள் அன்று மாலையே வழிகாட்டியை வாங்கிவந்தாள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

மாதிரி விடை என்று ஒன்று உண்டானால் அது வெளியே கசியாமல் இருக்காது. எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரே கேள்வி, அதற்கு நான்கே வரியில் பதில் என்பது தெரிந்ததும் ‘நான்காம் மாடியின் நிசப்த’த்துக்கு நூலகத்தில் வரிசை நின்றது. காலையில் எடுத்து மாலையில் முடித்தார்கள். ஒரே வாரத்தில் அறுபத்தொரு பேர் முடித்தார்கள். நூத்திப்பதினாலும் முடித்து நூற்றுப் பதினைந்து ஆனார். ஆனால் கூப்பிட்டுப் பழகிய பெயர் மாறவில்லை. ஊரே லிஃப்டைப் பற்றிப் பேசிக் கண் கலங்கியது. மக்கள் வாசிப்பில் ஆழம் கூடியிருப்பதாகத் துறை மேலிடத்துக்கு எழுதியது.

மனைவிக்கு மட்டும் நானூறாம் பக்கத்தில் மனசு மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவளே போய்க் குடும்ப அட்டையில் ஒரு பிரதியை எடுத்துவந்தாள். தேர்வு வழிகாட்டிக்கு முடிவு என்று ஒன்று இல்லாததால், மகளிடம் இருந்தது நிறைவுக் கணக்கில் வரவில்லை. ஐந்து நாளில் முடித்தாள். முடித்த அன்று மெஷினில் கை வைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, வாய்மொழித் தேர்வுக்குக் கிளம்பிப் போனாள். வேலைக்குப் போயிருந்த மெக்கானிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பார்.

“கதை எப்படி முடியுதும்மா?” என்றார் அலுவலர்.

“அவன் கீழ வரவே இல்லைங்க.”

“போதும்.”

“நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கலையே.”

“முதல் வரியே தப்பும்மா. முடிக்காம வந்திருக்கீங்க. உங்க வீட்டுக்காரர் எவ்வளவு அருமையாச் சொன்னார். ஒரே வீட்ல இருந்துட்டு அவரையாவது கேட்டிருக்கலாம்.”

அட்டை மறுபடி முடக்கப்பட்டது. ஒரே அட்டை என்பதால் மகள் வழிகாட்டியை உடனே ஒப்படைக்க வேண்டும் என்று நோட்டீசும் கையோடு வந்தது. தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது. மகள் பாதி படித்த வழிகாட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள்.

“லிஃப்டுன்னு சொன்னது நீங்களா?” என்றாள் மனைவி.

“அவசரத்துல சொல்லிட்டேன்.”

“கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாதுன்னு இருபதாம் பக்கத்துலயே வருதுங்க.”

மெக்கானிக் அன்றைக்கே போய் அலுவலரிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். வில்லையையும் மேசைமேல் வைத்தார். “நான் சொன்னது பொய்ங்க. என் சம்சாரம்தான் உண்மையாப் படிச்சவ. என்கிட்ட இருக்கறதைப் பிடுங்கிட்டு அவளுக்குக் கொடுங்க.”

அலுவலர் கோப்பைத் திறந்தார். “உக்காருங்க. நீங்க சொன்னது மாதிரி விடையாப் பதிவாகியிருக்கு. அறுபத்தியொரு பேர் அதே பதிலைச் சொல்லியிருக்காங்க. மேலிடத்துல பாராட்டி எழுதியிருக்காங்க. அறுபத்திரண்டு பேர் ஒண்ணு சொல்றப்ப புத்தகம் மட்டும் வேற சொன்னா, தப்பு எங்க இருக்கு?”

“என்கிட்ட.”

“புத்தகத்துல,” என்றார் அலுவலர் அமைதியாக.

எதையும் ஒருதலையாகச் செய்யக்கூடாது என்பதால் நாவலை எழுதியவருக்குக் கடிதம் போட்டார்கள். அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். மூன்றாம் நாளே பதில் வந்தது. தாம் எழுதிய முடிவு தமக்கே சரியாக நினைவில்லை என்றும், அறுபத்திரண்டு வாசகர்கள் கிடைத்ததைப் படித்துக் கண்ணீர் விட்டதாகவும், லிஃப்ட் நன்றாகவே இருப்பதாகவும், துறை எப்படி முடித்தாலும் தமக்குச் சம்மதம் என்றும் எழுதியிருந்தார். எல்லாப் பிரதிகளிலிருந்தும் கடைசி அத்தியாயம் வெட்டியெடுக்கப்பட்டுக் காகித ஆலைக்கு அனுப்பப்பட்டது. அந்த இடத்தில் லிஃப்ட் அத்தியாயம் ஒட்டப்பட்டது. ஒன்றரைப் பக்கம்.

மனைவிக்கு மறுதேர்வு கொடுத்தார்கள். முதலில் அவள் போக மாட்டேன் என்றாள். “நான் படிச்சதைப் பொய்யின்னு நானே சொல்லணுமா?” என்றாள். மகளின் தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. மனைவி துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். லிஃப்ட், வாசல், அழுகை என்று மூன்று வார்த்தை சொன்னாள். அலுவலர் பாராட்டினார். வில்லையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, துணியில் ஓட்டை விழும் என்றாள். வழிகாட்டி திரும்பக் கிடைத்தது. மகள் கடைசி இரண்டு நாளும் உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதினாள். இடம் கிடைத்தது.

ஆனால் ஊரில் ஒரு வதந்தி புறப்பட்டது. புத்தகத்தில் வேறு ஒரு முடிவு இருந்ததாம். அதைத் துறை எடுத்துவிட்டதாம். என்னவோ இருக்கப்போய்த்தானே எடுத்திருக்கிறார்கள். இருந்தவரை ஒருவரும் திறக்காத அத்தியாயத்துக்காக இப்போது ஊரே தவித்தது. அதைப் படித்தவள் ஒருத்திதான் என்பதும் தெரிந்துபோனது.

முதலில் வந்தவர் நூத்திப்பதினாலு. கையில் எல்லாப் பட்டனும் உள்ள சட்டை ஒன்று. பட்டன் தைக்க வேண்டும் என்றார். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, அவன் ஏன் கீழ வரல?”

“எவன் சார்?”

“அதான், அந்த நாலாம் மாடிக்காரன்.”

“நீங்கதான் முடிச்சிட்டீங்களே சார். உங்களுக்குத் தெரியாதா?”

நூத்திப்பதினாலு சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வலப்பக்க உறுப்பினர் வந்தார். எழுத்தர் வந்தார். ஆய்வாளர் இரண்டு தடவை வந்தார். கடைசியில் நிறைவு அலுவலரே ஒரு பேன்ட்டை எடுத்துக்கொண்டு வந்து, நீளம் குறைக்க வேண்டும் என்றார். எல்லோருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். சான்றிதழ் வைத்திருப்பவர் யாராலும் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. சான்றிதழ் இல்லாதவர் என்று ஊரில் யாரும் மிச்சமில்லை. அலுவலரின் பேன்ட் கணுக்காலுக்கு மேலே நின்றதுதான் மிச்சம்.

ஒரு நாள் மெக்கானிக் வேலை முடிந்து வந்து, கை கழுவிவிட்டு, மெஷினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் தலை நிமிராமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.

“என்கிட்டயாவது சொல்லேன்.”

அவள் மெஷினை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் போலத்தான் இருந்தது. பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“உங்களுக்கென்னங்க, ஊர்லயே முதல் ஆளா முடிச்சவர்,” என்றாள். “அந்தச் சட்டையை எடுங்க, காலர் பாக்கி இருக்கு.”